முன்சக்கரத்துக்கு இருபத்தைந்து

ஜூலை 7, திங்கள்

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். எனக்கு அசிங்கமாக இருந்தாலும் எழுதுவேன். யாருக்கும் காட்டப்போவதில்லை, ஆகவே அழகுபடுத்த வேண்டியதும் இல்லை.

காலையிலிருந்து புழுக்கம். இருட்டியது, மழை இல்லை.

புது வேலை: அப்பா வண்டியின் டயர் காற்றைத் தினமும் குறித்து வைப்பது. ஏப்ரலில் வண்டலூர் பாலம் இறங்கும்போது பின் டயரில் காற்று போய் அப்பா விழுந்தார். முழங்கையில் ஏழு தையல். அதனால்தான் ஜெனி அக்கா முதல் சம்பளத்தில் இந்தக் கருவியை வாங்கித் தந்தாள். இரண்டு சக்கரத்திலும் காற்று பிடிக்கும் வாயில் ஒவ்வொரு மூடி, அதற்குள் சென்சார். ஹேண்டில்பாரில் சின்னத் திரை, அதில் இரண்டு எண்கள், இரண்டு டயரின் காற்றழுத்தம். காற்று குறைந்தால் சிவப்பு விளக்கு, கீச் கீச்.

கையேட்டை இரண்டு முறை படித்தேன். எறும்பு எழுத்து. புரிந்தவை: முன்சக்கரத்துக்கு 25. பின்சக்கரத்துக்கு 28, பின்னால் ஆள் இருந்தால் 32. ஓடினால் டயர் சூடாகி எண் ஏறும். காலையில் கிளம்பும் முன் பார்ப்பதே சரியான எண்.

(மு = முன், பி = பின்.)

காலை 6.40: மு 26, பி 25.
மாலை அப்பா வந்ததும்: மு 29, பி 27. ஏறிவிட்டது! புத்தகத்தில் போட்டபடியே!

அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "கணக்கு மார்க்கும் இப்படியே ஏறட்டும்" என்றார்.

சனிக்கிழமை நான் வண்டி கழுவிய பளபளப்பு இன்னும் போகவில்லை. நேற்று சர்ச் வாசலில் ஒரு அங்கிள், "புது வண்டியா சார்?" என்றார்.

ஜூலை 8, செவ்வாய்

மு 21, பி 25. சிவப்பு!

என்னைப் பள்ளியில் விடப்போகும் வழியில் அப்பா கேம்ப் ரோடு பெட்ரோல் பங்கில் நிறுத்தினார். "முன்னாடி டயர் மட்டும் பாருங்க." காற்று பிடிக்கிறவர் மூடியைக் கழற்றி அளந்தார்.

"இன்னா சார், இருபத்தஞ்சு கரெக்டா கீது. உன் டப்பாதான் டுபாக்கூர்."

"பின்னாடியும் பாக்கலாமேப்பா" என்றேன். அதற்குள் பின்னால் ஆட்டோ ஹாரன்.

"சார், டயர் பாக்கறியா, பொண்ணு பாக்கறியா? நவுரு சார்!"

எல்லாரும் சிரிப்பு. அப்பாவுக்குக் காது சிவந்துவிட்டது. "ரெண்டு பாயின்ட் சேத்துப் புடிச்சு விடுங்க போதும்." கிளம்பிவிட்டோம். சேலையூர் வருவதற்குள் சிவப்பு தானாகவே அணைந்தது. "பாரு, அதுக்கே வெக்கமாயிடுச்சு" என்றார் அப்பா. எனக்குத் தெரியும், டயர் சூடாகியிருக்கும். சொன்னேன். ஹெல்மெட்டில் கேட்கவில்லை.

ஜியாமெட்ரி பாக்ஸ் மறந்துவிட்டேன்.

ஜூலை 9, புதன்

விடியற்காலை நல்ல மழை. மு 19, பி 27.

நேற்று காற்று பிடித்தது முன்சக்கரத்துக்கு. ஏறியிருப்பது பின்சக்கரத்து எண்.

இட்லியைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தேன்.

திங்கள் அன்று எழுதாமல் விட்டது: சனிக்கிழமை கழுவும்போது சோப்புத் தண்ணீர் போய்விடும் என்று இரண்டு மூடிகளையும் கழற்றி மக்கில் போட்டேன். அழுக்காக இருந்ததால் பழைய பிரஷ்ஷால் தேய்த்தேன். முன், பின் என்று அடையாளத்துக்கு ஒட்டியிருந்த எழுத்துகள் உரிந்து வந்துவிட்டன. எது எதனுடையது என்று தெரியவில்லை. யாரையும் கேட்கவில்லை. குத்துமதிப்பாக மாட்டினேன்.

ஆக, திரையில் 'முன்' என்று வருவது பின் டயர். எல்லாரும் நல்ல டயரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மற்றதில் காற்று இறங்கிக்கொண்டே இருக்கிறது. ஏப்ரலில் இறங்கிய அதே சக்கரம்.

நான் வெளியே வருவதற்குள் அப்பா சத்தத்தை நிறுத்தி, சிவப்பு விளக்கின் மேல் கறுப்பு டேப் ஒட்டிவிட்டார். "கண்ணை உறுத்துதும்மா." பின்னால் ஏறி உட்கார்ந்தேன். வழி முழுக்க வாயைத் திறந்தேன், மூடினேன்.

உயிரியல் டெஸ்ட் 18/25. எனக்கு எப்போதும் 23.

ஜூலை 10, வியாழன்

மு 17, பி 27.

சாப்பிடும்போது அப்பா: "சனிக்கிழமை காலையில ஆறு மணிக்கு அம்மாவும் நானும் செங்கல்பட்டு, அத்தை வீட்டுக்கு. நாளைக்கு சாயங்காலமே அந்த டப்பாவைக் கழட்டிடப் போறேன். பொய் சொல்ற சாமான் வண்டியில எதுக்கு?"

அக்கா: "நல்லதுன்னு நினைச்சுதாம்பா வாங்கினேன்."

"உன் மனசு நல்லதுதாம்மா. ஆன்லைன்காரன் உன் தலையில கட்டிட்டான்."

அம்மா: "நேத்து மார்க்கெட் போறப்ப வண்டி குடிகாரன் மாதிரி ஆடிச்சுங்க."

"சாக்கடைக்குத் தோண்டிப் போட்ட ரோடு. ஆடாம?"

அக்கா அப்பளத்தைக்கூடத் தொடாமல் எழுந்து போனாள். நான் ரசம் ஊற்றிக்கொண்டேன். எழுதத்தான் வேண்டும்: இரண்டாவது தடவையும் ஊற்றிக்கொண்டேன்.

சொல்லாததற்குக் காரணங்கள்:
1. உறுதியாகத் தெரியாது. (பொய். தெரியும்.)
2. வண்டி கழுவியதற்கு அப்பா எல்லாரிடமும் என்னைப் பாராட்டினார்.
3. நேற்றே சொல்லியிருக்க வேண்டும். இன்று சொன்னால் நேற்று ஏன் சொல்லவில்லை என்பார்கள்.

தினமும் படுக்கும்போது அக்கா, "எழுதி முடிச்சிட்டியாடி, அணைக்கட்டுமா?" என்பாள். இன்று கேட்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சென்னையிலிருந்து செங்கல்பட்டு வரை ஜி.எஸ்.டி. ரோட்டில் எத்தனை லாரி போகும்? எண்ணக் கூடாது என்று நினைத்துக்கொண்டே எண்ணுகிறேன்.

ஜூலை 11, வெள்ளி

மு 15.

பள்ளிக்கு வேனில் போகிறேன் என்றேன். அப்பா மட்டும் அதே வண்டியில் மறைமலைநகர் கம்பெனிக்குப் போனார். என்னை மட்டும் காப்பாற்றிக்கொண்டேன். ஒரு வகுப்பிலும் உட்கார முடியவில்லை.

சாயங்காலம் கேட்டருகே நின்றேன். முப்பத்தொரு வண்டிகள் போயின. முப்பத்திரண்டாவது அப்பா. இறங்கியதும் ஸ்பேனரை எடுத்தார்.

"அப்பா, கழட்டறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம். நான் முன் சக்கரத்து மூடியை எடுக்கறேன். திரையில எது போகுதுன்னு மட்டும் பாருங்க."

எடுத்தேன்.

"பின்னாடி எண்ணுல்ல ஜீரோ ஆவுது? நீ முன்னாடிதானே எடுத்த?"

"ஆமாப்பா. சனிக்கிழமை கழுவும்போது நான்தான் மாத்தி மாட்டிட்டேன்."

அப்பா பின் டயர் பக்கம் குந்தினார். கட்டைவிரலால் அமுக்கினார். அமுங்கியது. சக்கரத்தை மெல்லச் சுற்றினார். ரப்பருக்குள் ஒரு ஆணித் தலை, தேய்ந்து பளபளவென்று.

"இதுல உங்கம்மாவை உக்கார வெச்சு..." அதோடு நிறுத்திவிட்டார். முழங்கைத் தழும்பைத் தடவிக்கொண்டார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அக்கா வாசலில் நின்றிருந்தாள். "உனக்கு எப்ப தெரியும்?"

"புதன்கிழமை."

"அப்ப நேத்து அவரு டப்பா டப்பான்னு சொல்றப்ப?"

"தெரியும்."

"ரசம் ஊத்திட்டிருந்த."

பஞ்சர் கடையிலிருந்து திரும்பியதும் அப்பா அக்காவைப் பார்க்காமலே, "ஜெனி, உன் நெயில் பாலிஷ் கொஞ்சம் தாயேன்" என்றார். முன் மூடிக்கு ஒரு சிவப்புப் புள்ளி, பின் மூடிக்கு இரண்டு. காயும்வரை கையிலேயே வைத்திருந்தார். பிறகு கறுப்பு டேப்பை உரித்தார். "நல்ல சாமான்மா" என்றார். அக்கா நெயில் பாலிஷை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஜூலை 12, சனி

5.50: மு 25, பி 32. அப்பாவே படித்துச் சொன்னார், நான் எழுதினேன்.

ஆறு மணிக்குக் கிளம்பினார்கள். வேதியியல் ஒரே பக்கத்தை நான்கு தடவை படித்தேன். 7.25க்கு அம்மா போன்: "வந்து சேந்துட்டோம். வண்டி ஆடவே இல்ல." அக்காவிடம் சொன்னேன். "ம்" என்றாள். மதியம் தோசையை என் தட்டில் வைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். ஐந்து மணிக்கு அப்பாவும் அம்மாவும் திரும்பியாயிற்று. சிவப்பு வரவே இல்லையாம்.

இப்போது கட்டிலில் இருந்து அக்கா: "அந்த நோட்டுல என்னைப் பத்தி என்னடி எழுதியிருக்க?"

"நடந்ததை."

"உன்னைப் பத்தி?"

"அதையும்."

அக்கா இந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அப்புறம்: "என் நெயில் பாலிஷ் காலி. அதையும் எழுது. எழுதி முடிச்சிட்டியாடி, அணைக்கட்டுமா?"

இன்னும் ஒரு வரி என்றேன். அதற்குள் அணைத்துவிட்டாள்.