கையால் எழுதிக் கொடுத்த மன்னிப்பு

2018 ஏப்ரல் 3, செவ்வாய்

இன்று இரண்டே இரண்டு. காலையில் கஞ்சி ஊட்டும்போது ஒன்று, மத்தியானம் தூங்கி எழுந்தபோது ஒன்று. ஜனவரியில் இதே குழந்தைக்கு ஒரு நாளைக்கு முப்பதுக்குக் குறையாமல் வலிப்பு வந்தது. ஐந்து மருந்து மாற்றியும் அசையாதது, மூன்று மாதமாக நாக்கின் கீழே விடும் நாலு சொட்டு எண்ணெயில் இப்படி அடங்கிக் கிடக்கிறது. யார் கண்ணும் படாமல் இருக்க வேண்டும்.

என் மகள் தான்பிக்கு ஐந்து வயது. இன்று பள்ளியிலிருந்து நான் வந்ததும் தவழ்ந்து வந்து என் பையைப் பிடித்து இழுத்தாள். என் கணவர் கிவுக் அதை இரண்டு தடவை போனில் படம் பிடித்தார்.

பாட்டில் பாதிக்கு வந்துவிட்டது. அடுத்தது அமெரிக்காவிலிருந்து வந்துகொண்டிருக்கிறது. கஞ்சாச் செடியிலிருந்து எடுத்த எண்ணெய். இங்கே அதற்கு அனுமதி இல்லை என்று தெரியாதா என்றால், தெரியும். ஆனால் அதே செடியின் விதையை டி.வி.யில் கூவிக் கூவி விற்கிறார்கள், எங்கள் தலைமையாசிரியர் தயிரில் போட்டுச் சாப்பிடுகிறார். எல்லோரும் வைட்டமின் வரவழைக்கிற மாதிரியே என் பெயர், என் போன் நம்பர், என் சுங்க எண் எல்லாம் ஒழுங்காகப் பூர்த்தி செய்து வரவழைத்தேன். ஆசிரியை அல்லவா, படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் மனசு கேட்காது.

ஏப்ரல் 11, புதன்

வந்துவிட்டார்கள்.

சுங்கத்துறை ஆட்கள் இரண்டு பேர். செருப்பை வாசலில் ஜோடியாக வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். பெரியவர் கையில் என் பார்சல். பிரிக்காமலே கொண்டுவந்து என் கண்முன்னால் பிரித்தார். அப்புறம் ஃபிரிட்ஜைத் திறக்கச் சொன்னார். பாதி பாட்டில் அங்கே கிம்சி ஊறுகாய் டப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தது.

பார்சலை எடுத்துக்கொள்ளுங்கள், இதை மட்டும் விட்டுவிடுங்கள் என்று கேட்டேன். திடீரென்று நிறுத்தினால் குழந்தைக்கு ஆபத்து என்றேன். காலில் விழவில்லை, அவ்வளவுதான். இல்லை, பொய் சொல்ல வேண்டாம், இது என் டைரி. முழங்கால் போட்டேன்.

"கொஞ்சமாவது விட்டுட்டுப் போங்க."

"சட்டத்துல கொஞ்சம்னு ஒண்ணு இல்லீங்க டீச்சர்," என்றார் பெரியவர். அவர் குரலில் ஒரு கடுமையும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது.

ஏப்ரல் 12, வியாழன்

காலை ஆறிலிருந்து பத்துக்குள் பதினாலு. பள்ளிக்கு லீவு சொன்னேன்.

ஏப்ரல் 19, வியாழன்

நான்கு மணி நேரம் விசாரணை. நான் புகைப்பேனா, கணவர் புகைப்பாரா, யாருக்கு விற்றேன், யார் கற்றுக்கொடுத்தார்கள். தலையிலிருந்து ஒரு கத்தை முடியைக் கத்தரித்துப் பரிசோதனைக்கு எடுத்துக்கொண்டார்கள். நான் ஆறு வருடமாக வகுப்பில் கஞ்சா ஒழிப்பு வாரம் நடத்துகிறவள். மண்டை ஓடு வரைந்த அட்டையை என் கையால் ஒட்டியிருக்கிறேன். அதைச் சொன்னபோது விசாரணை அதிகாரி சிரித்துவிட்டார். எனக்கே சிரிப்பு வந்தது, பிறகு கழிவறைக்குப் போய் அழுதேன்.

மே 2, புதன்

வக்கீல் பாங் அம்மாவைப் பார்த்தோம். பேச்சில் சுற்றி வளைப்பே இல்லை. வழக்கு நீதிமன்றத்துக்குப் போனால் தண்டனை நிச்சயம், நிறுத்தி வைத்தாலும் அது சிறைத் தண்டனைதான், ஆசிரியர் வேலை தானாகப் போய்விடும். போகாமல் இருக்க ஒரு வழி இருக்கிறது. அரசு வழக்கறிஞர் மனம் இரங்கினால் வழக்குப் போடாமல் விட்டுவிடலாம். அதற்கு ஒரு மன்னிப்புக் கடிதம் வேண்டும், கையால் எழுதியது.

"தப்புன்னு உணர்ந்துட்டேன், இனிமே செய்ய மாட்டேன். இந்த ரெண்டும் இருக்கணும். மிச்சமெல்லாம் உங்க அழுகை, எப்படி வேணும்னாலும் அழுங்க," என்றார்.

இனிமேல் செய்ய மாட்டேன். அப்படியென்றால் தான்பி?

வரும் வழியில் கிவுக்கிடம் அதைக் கேட்டேன். முதலில் கடிதத்தை எழுது என்றார்.

மே 5, சனி

இங்கே குழந்தைகள் தினம். ஊரே பூங்காவில். நாங்கள் அவசர சிகிச்சைப் பிரிவில்.

மே 9, புதன்

மூன்று தடவை எழுதிப் பார்த்தேன், வரவில்லை. பத்து வயதுப் பிள்ளைகளிடம் நூற்றுக்கணக்கில் எழுதி வாங்கியிருக்கிறேன். எது உண்மையான வருத்தம், எது டீச்சர் வாயை அடைக்க எழுதியது என்று இரண்டாவது வரியில் எனக்குத் தெரிந்துவிடும். அந்தக் கண்ணோடு என் எழுத்தைப் படித்தால் கிழிக்கத்தான் தோன்றுகிறது.

ஷிப்ட் முடிந்து வந்த கிவுக் ஒரு தாளை மேஜையில் வைத்தார். மன்னிப்புக் கடிதம் எழுதித் தரும் கடையில் வாங்கியது. அப்படிக் கடைகள் இருப்பது எனக்குத் தெரியும், குடித்துவிட்டு வண்டி ஓட்டினவர்கள் வாங்குவார்கள். இப்போது நாங்களும். குற்றம், வயது, பிள்ளைகள் எத்தனை என்று கேட்டுவிட்டு ஒரு மணி நேரத்தில் அனுப்பிவிட்டார்களாம்.

படித்தேன். "மூடத்தனத்தால் கண் மறைந்து, பெற்ற பிள்ளையின் உடம்பில் என் கையாலேயே விஷத்தை ஏற்றிய பாவி நான்." இப்படியே இரண்டு பக்கம்.

இதை நான் எழுத மாட்டேன் என்றேன். அவர் சத்தம் போடவில்லை.

"வெறும் தாள்தானே. நீ வீட்டுல இல்லாமப் போனா அவளை யார் பாத்துப்பா?"

பேனாவை எடுத்து அதையே பார்த்து எழுத ஆரம்பித்தேன்.

மே 15, செவ்வாய்

ஆசிரியர் தினம். பிள்ளைகள் எழுந்து நின்று பாடினார்கள். மத்தியானம் பாதி நாள் லீவு போட்டுக் கடிதத்தை அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்தேன். அழகான கையெழுத்து என்று குமாஸ்தா பாராட்டினார்.

ஜூன் 21, வியாழன்

விட்டுவிட்டார்கள். வழக்கு இல்லை. வக்கீல் பாங் போனில் சொன்னபோது கிவுக் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்கும் நிம்மதிதான், ஏன் மறைக்க வேண்டும். பள்ளியில் ஓர் எச்சரிக்கையோடு முடிந்தது.

தான்பிக்கு இன்று இருபத்து மூன்று வலிப்பு.

ஜூலை 10, செவ்வாய்

உஜூ அம்மா மறுபடி கூப்பிட்டாள், எடுக்கவில்லை. ஒரு வாரத்தில் ஐந்தாவது தடவை.

சியோல் மருத்துவமனையில் பக்கத்துப் படுக்கை அவள். பையன் உஜூவுக்கு ஏழு வயது, தான்பிக்கு இருக்கிற அதே வியாதி. எண்ணெய் பற்றி முதலில் என்னிடம் சொன்னவளே அவள்தான். இப்போது தாய்மார்களையெல்லாம் சேர்த்துக்கொண்டு, மருந்துக்காவது இதை அனுமதியுங்கள் என்று சட்டமன்றத்தைச் சுற்றி அட்டை பிடித்து நிற்கிறாள். நீ டீச்சர், உனக்குப் பேச வரும், வா என்கிறாள். விஷம் ஏற்றிய பாவி என்று எழுதிக் கொடுத்த கையால் நான் எந்த அட்டையைப் பிடிப்பது?

செப்டம்பர் 6, வியாழன்

ஆசிரியர் அறையில் கஞ்சா மருந்துப் பேச்சுதான். சட்டத்திருத்தம் வரப்போகிறது என்று பேப்பரில் வந்திருக்கிறது. இன்று மருந்து என்று கதவைத் திறப்பார்கள், நாளைக்கு நம் பிள்ளைகள் வாயில் புகை இருக்கும் என்றார் ஆறாம் வகுப்பு மா சார். நல்ல மனுஷர், பொல்லாதவர் இல்லை. போன வருடம் இதே வார்த்தையை நானே வகுப்பில் சொன்னேன். அவர் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் நான் கேட்பது புகை இல்லையே ஐயா, நாலு சொட்டு எண்ணெய்.

வாயே திறக்கவில்லை. பார்லி டீயைக் குடித்துவிட்டு மணி அடித்ததும் எழுந்து போனேன். கோழை.

செப்டம்பர் 28, வெள்ளி

தான்பி இப்போது தவழ்வதில்லை. எப்போது நின்றது என்று தேதி தேடிப் பார்த்தேன். எழுதி வைக்கவில்லை.

உஜூ அம்மாவுக்கு நானே போன் செய்தேன். வருகிறேன், ஆனால் பேச மாட்டேன், பின்னால் உட்காருவேன் என்றேன். "உக்காரு, போதும்," என்றாள். ஏன் போனை எடுக்கவில்லை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அக்டோபர் 4, வியாழன்

நடந்தது நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

சட்டமன்றக் கட்டடத்தில் விவாதக் கூட்டம். மேடையில் ஐந்து பேர். அனுமதிக்க வேண்டும் என்று ஒரு நரம்பு மருத்துவர் பேசினார், நன்றாகவே பேசினார். அடுத்து எதிர்த்துப் பேச அரசு வழக்குத் துறையிலிருந்து ஓர் அதிகாரி. நிதானமான ஆள். தாய்மார்களின் வேதனை எனக்கும் தெரியும் என்று ஆரம்பித்தார். அனுமதி கேட்டு வெளியே நிற்பவர்களை மட்டும் பார்க்காதீர்கள், பிடிபட்ட தாய்மார்கள் மனம் திருந்தி எழுதிய கடிதங்களையும் பாருங்கள், பெயரை எடுத்துவிட்டுத்தான் கொண்டுவந்திருக்கிறேன் என்றார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

"மூடத்தனத்தால் கண் மறைந்து, பெற்ற பிள்ளையின் உடம்பில் என் கையாலேயே விஷத்தை ஏற்றிய பாவி நான்."

என்னுடையது. என்னைத்தான் படிக்கிறார்.

அதோடு அவர் விட்டிருக்கலாம். ஆள் விடவில்லை. இது யாரோ ஒருத்தி சொன்னது என்று நினைக்காதீர்கள், நான்கு தாய்மார்கள், நான்கு வேறு ஊர்க்காரர்கள், ஒருவரை ஒருவர் அறியாதவர்கள், இதையே எழுதியிருக்கிறார்கள் என்று அடுத்த தாளை எடுத்தார். மூடத்தனத்தால் கண் மறைந்து. மூன்றாவதை எடுத்தார். மூடத்தனத்தால் கண் மறைந்து. அப்போதுதான் அவருக்கே குரல் கொஞ்சம் தடுக்கியது.

பக்கத்தில் உஜூ அம்மா முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்று நினைத்துத் தோளைத் தொட்டேன். சிரிக்கிறாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறாள்.

"நீயும் அந்தக் கடையிலதான் வாங்கினியா?" என்றாள்.

அவளும் எழுதிக் கொடுத்திருக்கிறாள்! ஏப்ரலிலேயே. நான் ஒளித்தது அவளிடம், அவள் ஒளித்தது என்னிடம்.

பின்னால் உட்காருவேன் என்று சொன்னவள் எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. மைக் கேட்கவில்லை. முப்பது பிள்ளைகளை அடக்கின குரல், அது போதும்.

"அதுல ஒண்ணு என்னுது. நான் எழுதல, கடையில வாங்கிப் பாத்து எழுதினேன். எழுதலேன்னா வேலை போயிரும்னாங்க. என் பொண்ணுக்கு அது விஷம் இல்ல. அந்த எண்ணெய் இருந்தப்போ ஒரு நாளைக்கு ரெண்டு வலிப்பு, இப்போ இருபத்தஞ்சு."

பெயர் என்ன என்று ஒரு நிருபர் கேட்டார். சொன்னேன். பியோ யுன்ஹ்வா, சோங்ஜு, ஆரம்பப் பள்ளி ஆசிரியை. கட்டம் காலியாக விடத் தெரியாதே எனக்கு. பிறகு உஜூ அம்மா எழுந்தாள், முன் வரிசையில் இன்னொருத்தி எழுந்தாள். நாலாவது தாய் வரவில்லை போலிருக்கிறது, அல்லது எழ முடியாதவளோ என்னவோ. அந்த அதிகாரி தாள்களை அடுக்கி உறையில் போட்டுக்கொண்டே இருந்தார்.

அக்டோபர் 5, வெள்ளி

பெயர் பேப்பரில். கிவுக் படித்தார். எனக்கு முட்டை பொரித்துக் கொடுத்தார்.

அக்டோபர் 19, வெள்ளி

அரசு வழக்கறிஞர் அலுவலகத்திலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். வருந்தியதாகச் சொன்னதால்தான் விட்டோம், வருந்தவில்லை என்று ஊரறியச் சொன்னால் வழக்கைத் திரும்ப எடுக்க வேண்டியிருக்கும். உஜூ அம்மாவின் ஊரில் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டார்கள். என் ஊரில் விடவில்லை. எந்த மேஜையில் போய் விழுகிறதோ அப்படி.

அரசு வழக்கறிஞர் என்னைவிடச் சின்னவர். வெள்ளைத் தாளையும் பேனாவையும் என் பக்கம் நகர்த்தினார்.

"கோபத்துல பேசிட்டேன்னு ஒரே பக்கம் எழுதிக் குடுங்க டீச்சர். மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

நல்ல மனசோடுதான் சொன்னார். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எழுதியது நாலு வரி. மகளுக்குக் கொடுத்தேன். சட்டம் தடுப்பது தெரிந்தே கொடுத்தேன். யாருக்கும் விற்கவில்லை. நிறுத்தியதற்கு மட்டும்தான் வருந்துகிறேன்.

படித்தார், கண்ணாடியைக் கழற்றினார்.

"இதை வாங்கிக்கிட்டா நான் வழக்குப் போட்டாகணும்."

"வாங்கிக்குங்க," என்றேன்.

வெளியே பஸ் நிறுத்தம் வரை வந்த பிறகுதான் பயம் வந்தது. வீரமெல்லாம் அறைக்குள்ளேதான். கிவுக்குக்கு எப்படிச் சொல்வது? சொன்னேன். முதல் தடவையாக என்மேல் கத்தினார். கத்திவிட்டு, தான்பிக்குக் குளிக்க வெந்நீர் போடப் போனார்.

நவம்பர் 23, வெள்ளி

சட்டம் நிறைவேறிவிட்டது. மருந்தாக மட்டும், மார்ச் மாதத்திலிருந்து. உஜூ அம்மா போனில் அழுதாள், நானும். புதிய சட்டம் பழைய குற்றத்தைத் தொடாது என்று வக்கீல் பாங் ஒரு மணி நேரம் கழித்துக் கூப்பிட்டுச் சொன்னார்.

2019 பிப்ரவரி 14, வியாழன்

தீர்ப்பு ஆறு மாதத் தண்டனை, ஒரு வருடத்துக்கு நிறுத்தி வைப்பு. சிறை இல்லை. பள்ளிக்கு இனி நான் இல்லை. மேஜையைக் காலி செய்யப் போனபோது மா சார் பெட்டியை வண்டி வரை தூக்கி வந்தார். "நான் இப்பவும் எதிர்ப்புதான்," என்றார். பிறகு, குழந்தை எப்படி இருக்கிறாள் என்று கேட்டார்.

மார்ச் 26, செவ்வாய்

நாடு முழுவதுக்கும் மருந்து கொடுக்க சியோலில் ஒரே ஓர் இடம். அதுவும் வேலை நாளில்தான். வேலை இல்லாததில் ஒரு வசதி, செவ்வாய்க்கிழமை லீவு கேட்க யார் முன்னாலும் போய் நிற்க வேண்டியதில்லை. தான்பி பஸ்ஸில் என் மடியிலேயே படுத்து வந்தாள். வழியில் ஒன்பது வலிப்பு.

வரிசையில் எனக்கு முன்னால் ஏழு தாய்மார்கள். என் முறை வந்ததும் கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண் ஒரு படிவத்தைத் தள்ளினாள். கையெழுத்து அங்கே என்று விரலால் காட்டினாள்.

முழுக்கப் படித்தேன். இந்த மருந்து என் மகளுக்கு, நான் அவள் தாய், வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன். பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள், சீக்கிரம் என்றாள் அந்தப் பெண். இன்னொரு தடவை படித்தேன். எல்லாம் உண்மை. கையெழுத்துப் போட்டேன்.