இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள்

இன்று காலை தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு கடிதம் கொடுத்தார். எங்கள் தெருமுனை வீட்டைக் குழந்தைகளின் நடன வகுப்பாக மாற்ற யாரோ டவுன்ஷிப் நிர்வாகத்தில் அனுமதி கேட்டிருக்கிறார்கள். இருநூறு அடிக்குள் வீடு இருப்பதால் எனக்கும் தகவல். "நம்ம வாசல்லதான் காரைக் கொண்டுவந்து நிறுத்துவாங்க. போய் அப்ஜெக்ட் பண்ணிட்டு வா" என்றார் என் கணவர். நானும் வரிந்துகட்டிக்கொண்டுதான் கிளம்பினேன். டவுன்ஷிப் ஆபீஸில் விண்ணப்பத்தை வாங்கிப் புரட்டினால் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி: பெற்றோர் குழந்தைகளை இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். கவுண்டரில் இருந்த பெண்மணி ஒரு மாதிரியாகப் பார்க்கும் அளவுக்குச் சிரித்துவிட்டேன். காரில் வந்து உட்கார்ந்ததும் அழுகை வந்தது. தோழி, நீ கண்ணை மூடி எட்டு மாதம் ஆகிறது.

நான்கு வருடங்களுக்கு முன்பு, 2005-இல், அதே வரியை நான் எழுதினேன். என் வீட்டு பேஸ்மென்டில் ஐந்து குழந்தைகளோடு நீயும் நானும் தொடங்கிய தமிழ் வகுப்பு அப்போது அறுபதைத் தாண்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுக்க, குடியிருப்புப் பகுதியில் பள்ளிக்கூடம் நடத்தக்கூடாது என்று டவுன்ஷிப்பிலிருந்து கடிதம் வந்தது. லைப்ரரியில் ஒரு அறையை மூன்று மாதத்துக்கு மட்டும் தந்தார்கள். அதற்குள் இடம் கிடைக்காவிட்டால் வகுப்பே கிடையாது.

நம் எடிசன் ஊரிலேயே பெரிய சாலையோரமாக ஒரு பழைய வீடு அகப்பட்டது. அதுவும் குடியிருப்பு வகைதான். ஆனால் எந்த இடத்தில் எதை நடத்தலாம் என்று தீர்மானிக்கும் ஜோனிங் போர்டு சிறப்பு அனுமதி தரலாம், ஏழு பேரில் ஐந்து பேர் சம்மதிக்க வேண்டும் என்றாய். சிவில் எஞ்சினியர் நீ. டேப்பைப் பிடித்து இழுத்து, கொல்லையில் இருபத்திரண்டு கார் நிற்கும் என்று படம் வரைந்தாய். அறுபது பிள்ளைகளைக் கொண்டுவரும் கார்களுக்கு இருபத்திரண்டு இடம். அதைச் சமாளிக்கத்தான் நான் அந்த வரியைச் சேர்த்தேன்.

"இறக்கிவிட்டுப் போயிடுவாங்களா? யாரு, நம்ம ஆளுங்களா? பார்க்கிங் லாட்லயே நின்னு க்ரீன் கார்டு கதை பேசி முடிக்கவே ரெண்டு மணி நேரம் ஆகும்டி. உண்மையான நம்பரை எழுது" என்றாய்.

"உண்மையை எழுதினா கிடைக்காது. நீ சும்மா இரு" என்றேன். நீயும் சும்மா இருந்தாய்.

அதோடு விட்டேனா? போர்டு விசாரிக்கும் ஹியரிங்குக்கு எல்லோரும் குடும்பத்தோடு வந்து ஆதரவு காட்டுங்கள் என்று மெயில் அனுப்பினேன். ஊரில் எம்.எல்.ஏ.வைப் பார்க்கப் போகிற நினைப்பு எனக்கு. தலையை எண்ணிக் காட்டினால் வேலை நடக்கும் என்று நம்பினேன். பட்டுப்புடவையும் வேட்டியுமாக மண்டபம் நிறைந்தது. டவுன்ஷிப் ஆபீஸ் பார்க்கிங் வழிந்து, புல்வெளியில் ஏறி, எதிர்ச் சாலையின் இரண்டு பக்கமும் நின்றன நம் மினிவேன்கள். கூட்டத்தின் நடுவில் ஒரு போலீஸ்காரர் உள்ளே வந்து, காரை எடுக்கச் சொல்லி நம்பர் நம்பராக வாசிக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு நம்பருக்கும் நம் ஆள் ஒருவர் எழுந்து வெளியே போனார். போர்டுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இறக்கிவிட்டுப் போகிறவர்கள் இவர்கள்தானா என்று கேட்டார். மண்டபமே சிரித்தது. புகார் சொல்ல வந்திருந்த அக்கம்பக்கத்தாருக்கு வாயைத் திறக்க வேண்டிய வேலையே இல்லை.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். நீ எழுந்து மைக் முன்னால் போனாய். அந்த வரி தவறு, படம் வரைந்தவள் நான், தவறும் என்னுடையதே, ஒரு மாதம் கொடுத்தால் கார்களை எண்ணிக்கொண்டு வருகிறேன் என்று சொன்னாய். இதே போர்டு முன்னால் உன் கம்பெனியின் படங்களையும் காட்டிப் பிழைக்க வேண்டியவள் நீ. நான் மூன்றாவது வரிசையில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இதை எழுதும்போதும் கூசுகிறது.

ஒரு வாரம் நீ என்னோடு பேசவில்லை. அடுத்த நான்கு சனிக்கிழமையும் லைப்ரரி வாசலில் குடையும் அட்டையுமாக நின்றாய். எந்தக் கார் எத்தனை மணிக்கு வந்தது, எப்போது போனது என்று எழுதினாய். பாதிக்கு மேல் நகரவே இல்லை. வகுப்பை இரண்டு நேரமாகப் பிரித்தாய். அந்தப் பழைய வீட்டின் பின்புறத்து அக்கவுண்டன்டின் ஆபீஸ் சனிக்கிழமை மூடியிருக்கும்; அவரிடம் கேட்டு அங்கேயும் கார் நிறுத்தக் கடிதம் வாங்கினாய். மறுபடி ஹியரிங் போனபோது நாம் இரண்டே பேர். ஐந்து பேர் சம்மதம் சொன்னார்கள், இருவர் மறுத்தார்கள்.

"இடம் சின்னதா இருந்தா பரவால்லடி. நம்பர் பொய்யா இருந்தா உள்ள நிம்மதியா உக்காரவே முடியாது" என்றாய், திரும்பி வரும்போது. அப்போதாவது நான் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். உன் ட்ரீட்மென்ட் நாட்களில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அப்போதும் பாடப்புத்தகம், ஆண்டுவிழா என்றுதான் பேசினேன். அந்த வரி என்னுடையது. நீ அறிந்ததுதான், ஆனால் என் வாயால் நீ கேட்கவில்லை.

விண்ணப்பத்தில் இருந்த எண்ணுக்கு மாலையில் போன் செய்தேன். நடன வகுப்பு நடத்தப்போகிறவர் ஒரு சீனப் பெண். ஹியரிங்குக்கு முன்பே அந்த வரியை மாற்றிவிடுங்கள், கார்களை எண்ண நானும் வருகிறேன் என்றேன். அக்கம்பக்கத்தார் எதிர்க்கத்தானே செய்வார்கள், நீங்கள் ஏன் இதைச் சொல்கிறீர்கள் என்று சந்தேகமாகக் கேட்டார். இதே வரியை ஒரு தடவை நான் எழுதினேன், பழியை என் தோழி வாங்கிக்கொண்டாள் என்றேன். இதை ஒருவரிடம் சொன்னது இதுவே முதல் தடவை.

இன்னும் இரண்டு வாரத்தில், செவ்வாய்க்கிழமை ஹியரிங். உன் கையெழுத்தில் உள்ள அந்த நான்கு சனிக்கிழமைத் தாள்களை அவருக்குக் காட்ட எடுத்து வைத்திருக்கிறேன். கூட்டம் சேர்க்கவில்லை. நான் மட்டும், ஒரே கார்.