மூன்று கிலோ

அன்புள்ள மகனுக்கு,

சாப்பிடாமல் எலும்பாகிப்போன உன் மகளைக் கல்லூரி விடுதியிலிருந்து இந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து ஆறு வாரமாகிறது. முதுகைத் திருப்பி நிற்கவைத்துத்தான் எடை பார்க்கிறார்கள். எண் அவளுக்குத் தெரியவே கூடாது என்று டாக்டர் நம்மிடம் படித்துப்படித்துச் சொன்னார். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கே புரிந்தது. நீயோ நேற்று போனில், "சபாஷ் கண்ணு, மூணு கிலோ ஏறிட்டியே!" என்கிறாய்.

"அப்பாவே சொல்லிட்டாரு பாட்டி, நான் குண்டாயிட்டேன்" என்று தட்டைத் தள்ளியவளுக்கு, இன்று பால்கூட இறங்கவில்லை. நாளையும் இப்படியென்றால் மூக்கில் குழாய்தானாம்.

போனை வைத்துவிட்டு நேரில் வா. அவள் தட்டைப் பார்க்காமல் உன் சாப்பாட்டைச் சாப்பிடு.

சிறுவயதில் அவளை நீ 'பூசணி' என்றபோதெல்லாம் விழுந்துவிழுந்து சிரித்தவள் நான். அதனால்தான் மூன்று வேளையும் எதிரில் உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்து நாற்காலி காலியாக இருக்கிறது.

உன் அம்மா