ஏழாம் எண் குழாய்

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் பெரிய குறை ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அங்கே சௌக்கியமாக இருக்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி. இது உனக்குத் தெரியும், ஆனால் நம் மலைச்சரிவை அளக்க வருகிற இன்ஜினியர் பெண்ணுக்கு எப்படித் தெரிந்தது? போன வாரம் வாசலில் நின்று, "முட்டி வலி எப்படிம்மா இருக்கு, படி ஏற முடியுதா?" என்று கேட்கிறாள். நான் சொல்லவில்லை, அம்மாவும் இல்லை என்கிறாள். நீதான் அவளுக்குப் போன் போட்டு எங்களைக் காலி செய்ய வைக்கப் பார்க்கிறாய் என்று எனக்குச் சந்தேகம்.

அவள் சொல்வது இதுதான். நம் தெருவுக்கு அடியில் ஏறக்குறைய நாற்பது மீட்டர் ஆழத்தில் ஒரு களிமண் அடுக்கு இருக்கிறதாம், அதில் தண்ணீர் ஏறினால் வழவழத்துப்போய், மேலே இருக்கிற மண், பாறை, முப்பது வீடு எல்லாம் மெதுவாக ஆற்றுப் பக்கம் நகர்கிறதாம். நான் விடுவேனா, சுவரில் ஒரு விரிசல் காட்டு, பிறகு பேசலாம் என்றேன். "எல்லாம் சேர்ந்தே போகுது சார், அதான் வீட்டுக்குள்ள தெரியல. மேல ரோடு பிளந்து கெடக்கே, அங்க பாருங்க" என்றாள். டேப் பிடித்துத் துணி அளந்தே பிழைத்தவன் நான், கண்ணுக்குத் தெரியாத நகர்வை எப்படி நம்புவது? ரோடு லாரியால் பிளந்தது என்று அடித்துச் சொன்னேன். அவள் சளைக்கவில்லை, நம் கொல்லையில் செங்குத்தாக ஒரு குழாய் இறக்கி, மாதா மாதம் அதற்குள் கருவியை விட்டு எங்கே வளைந்திருக்கிறது என்று பார்க்கிறாள். சரிவின் அடியில் படுக்கைவாட்டில் துளைத்துப் பன்னிரண்டு குழாய் சொருகி உள்ளே இருக்கிற தண்ணீரை வடித்தார்கள். வடிய வடிய நம் கிணறு அடிமண் காட்டிவிட்டது. நம் தண்ணீரைத் திருட்டுத்தனமாகக் கீழே இருக்கிற சலவை ஆலைக்கு விடுகிறார்கள் என்று முடிவு கட்டினேன்.

நான் செய்ததை மறைக்காமல் எழுதுகிறேன். ஏழாம் எண் குழாய் நம் கிணற்றுக்கு நேர் கீழே இருக்கிறது. ஒரு கட்டையில், கோட் தைக்கும்போது உள்ளே வைக்கிற முரட்டுத் துணியைச் சுற்றி, குழாயின் வாயில் அடித்து இறுக்கி, மேலே புல்லைப் போட்டு மூடினேன். நடுவில் நல்ல மழை, பத்தே நாளில் கிணறு ஏறியது, பார்த்தாயா என்று அம்மாவிடம் பீற்றிக்கொண்டேன். ஐந்து மாதமாக அசையாமல் இருந்த கொல்லைக் குழாய் அந்த மாதம் நாலு மில்லிமீட்டர் வளைந்தது. கருவி கெட்டுவிட்டதோ என்று இன்ஜினியர் வேறொன்று வாங்கிவந்து அளந்தாள், அதுவும் அதையே சொன்னது. அந்தப் பன்னிரண்டு குழாயையும் மண் அடைக்காமல் கழுவிவிட ஒருவரை வைத்திருக்கிறார்கள், அவர் வேலையில் ஏமாற்றியிருக்கிறார் என்று அவர்களுடைய மேஸ்திரிக்குச் சந்தேகம், திங்கட்கிழமையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்த மனிதர் நம் வீட்டில் தண்ணீர் கேட்டு வந்து நின்று, "ஒழுங்காத்தான் சார் கழுவினேன், யாரும் நம்ப மாட்டேங்குறாங்க" என்றார். எனக்கு வெட்கமாகப் போயிற்று. அவரையே கூட்டிக்கொண்டு போய்க் கட்டையைப் பிடுங்கினேன். செம்மண் கலங்கலாகப் பீறிட்டு என் சட்டையெல்லாம் நனைந்தது, அடேயப்பா, அவ்வளவு தண்ணீரையும் நான்தான் நம் காலடியில் தேக்கி வைத்திருந்தேன்.

இன்ஜினியரிடம் போய்ச் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தேன், திட்டவில்லை, அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. நம் கொல்லைக் குழாயின் வளைவைத் தாளில் ஒரு கோடாக வரைந்து, அது முப்பத்தெட்டு மீட்டரில் முழங்கை மடங்கின மாதிரி மடங்கியிருப்பதைக் காட்டினாள். மழையோடு குழாயும் அடைபட்டால் இப்படித்தான் ஆகும் என்றாள். அந்த மனிதர் மறுநாளே வேலைக்கு வந்துவிட்டார். அம்மாதான் இரண்டு நாளாகச் சாப்பாட்டுத் தட்டை நங்கென்று வைக்கிறாள்.

விடுமுறைக்குக் குழந்தையோடு வருவதாக எழுதியிருந்தாய். அந்தக் கோடு மேலும் வளையாமல் மூன்று மாதம் நிற்கட்டும், அதுவரை வரவேண்டாம் அம்மா. வா வா என்று நச்சரிக்கிற நான்தான் இதை எழுதுகிறேன். பேரனை இந்தத் தரையில் தவழவிட எனக்குப் பயமாக இருக்கிறது. மூவரும் நோய்நொடியில்லாமல் நீடூழி வாழ ஆசீர்வதிக்கிறோம். டிக்கெட்டை மாற்ற மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா