அப்பாவின் சொல்லுக்குப் போட்ட புள்ளடி

என்னை ஒருநாளும் பெயர் சொல்லி அழைக்காமல், கோபத்திலும் 'மனே' என்றே கூப்பிட்ட அப்பாவுக்கு,

உங்கள் ஆண்டுத் திவசம் முடிந்த கிழமை மாமா கட்சி மாறிவிட்டார். எங்களிடம் சொல்லவில்லை. கொழும்பில் யாரோ மாலை போட, அவர் குனிந்து கழுத்தைக் கொடுத்ததை ஊரோடு சேர்ந்து நானும் தொலைக்காட்சிச் செய்தியில்தான் பார்த்தேன். நீங்கள் வீடு வீடாகக் கூட்டிக்கொண்டு போய் வெல்லவைத்த மனிதர், யாருக்கு எதிராக வாக்குக் கேட்டாரோ அந்த அரசாங்கக்காரர் பக்கத்திலேயே போய் இருந்துகொண்டார்.

நான் கதவைச் சாத்திக்கொண்டு புத்தகத்தோடு இருக்கிறவள். இப்போது சாத்த முடியவில்லை. யாராவது வந்து கதிரையில் இருக்கிறார்கள். ஏச வருவதில்லை, அதுதான் கஷ்டம். தேர்தல் நேரம் ஒழுங்கை முகப்பில் நின்று, "இவன் மாறினா என்னட்ட வந்து கேளுங்க" என்று நீங்கள் சொன்னீர்களாம். உங்களிடம் கேட்க முடியாததால் என்னிடம் கேட்கிறார்கள்.

வாவியில் வலை போடும் தங்கராசா அண்ணனும் வந்தார். "வாக்குச்சீட்டில நாங்க புள்ளடி போட்டது உங்கட மாமாக்கில்ல தங்கச்சி. உங்கட அப்பாட சொல்லுக்கு" என்றார். தேத்தண்ணியைக் குடிக்காமலே எழும்பிப் போனார்.

நீங்கள் ஏன் அப்படிப் பொறுப்பு நின்றீர்கள் என்று எனக்குத் தெரியும். கடல் ஊருக்குள் வந்த அன்று, எல்லோரும் வாவிக்கு அப்பால் படுவான்கரைக்கு ஓடிக்கொண்டிருக்க, கண்டல் புதர்களுக்குள் இறங்கித் தேடி அம்மாவைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தவர் மாமா. அதற்குப் பிறகு அவரைப் பற்றி யார் என்ன சொன்னாலும் நீங்கள் காதில் போட்டுக்கொண்டதில்லை. அக்காவை விட்டுவிட்டு வராதவன் ஊரையும் விடமாட்டான் என்று நினைத்தீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இதற்குள் கோயில் சடங்கு வந்துவிட்டது. எங்கள் குடிக்குரிய நாளில் குடியின் பெயரைச் சொல்லி அழைக்கும்போது, எழும்பிப் போய்க் காளாஞ்சித் தட்டை வாங்குகிறவர் மாமா. சொல் மாறியவர் அந்த மரியாதையை வாங்கக்கூடாது என்று நிர்வாகத்தில் பாதிப்பேர் நிற்கிறார்கள். ஆனால் அதை வெளியார் சொல்லக்கூடாது, குடிக்குள் இருக்கிறவர்தான் சொல்லவேண்டுமாம். குடி தாய்வழி. மாமாவின் பிள்ளைகள் மாமியின் குடி, அவர்களுக்கு இதில் பேச்சில்லை. மாமாவோடு கூடப் பிறந்தது அம்மா மட்டும். அம்மாவும் இப்போது இல்லை, அவர் வழியில் நான் மட்டும். நீங்களே வேறு குடி. நீங்கள் கொடுத்த சொல்லுக்கு, மாமாவின் பிள்ளைகள் சும்மா இருக்க, நான் வாய் திறக்க வேண்டியிருக்கிறது.

'வாங்கக்கூடாது' என்று சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். அப்போதுதான் பக்கத்து வளவுப் பாக்கியம் அக்கா வந்தார். சண்டை முடிந்த நேரம் ஆமி பிடித்துக்கொண்டு போன அவருடைய மகன் வந்துவிட்டான், அப்பா. மாமா மாறிய கையோடு விட்டார்கள். முற்றத்தில் இருக்கிறான். மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் வீட்டுக்குள் போய்விடுகிறான். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கட மாமாவ ஊர் தள்ளிவெச்சா, என்ட புள்ளைய மறுகாவும் கொண்டுபோயிருவாங்களோகா?" என்று கேட்டார்.

நாவற்குடாக் கூட்டத்தில் மாமா உங்களையும் மேடையில் ஏற்றிவிட்டார். "அத்தான் உயிரோட இரிந்திருந்தா அவரே என்னப் போகச் சொல்லியிருப்பாரு" என்றாராம். ஆஸ்பத்திரியில் கடைசி இரவுகளில் உங்கள் கட்டிலோடு இருந்தவர் அவர்தான். உங்களிடம் கேட்டாரா? நீங்கள் ஓம் என்றீர்களா? அல்லது மூச்சு வாங்க முடியாமல் நீங்கள் தலையை அசைத்ததை அவர் சம்மதமாக எடுத்துக்கொண்டாரா? பொய் சொல்கிறார் என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. நம்பவும் முடியவில்லை.

நேற்று அவரிடம் போனேன். மாமா, உங்களை யாரும் தடுக்கவேண்டாம், குடியின் பெயரை அழைக்கும்போது நாம் இரண்டுபேரும் எழும்பாமல் இருப்போம், இந்த வருடம் தட்டு அப்படியே திரும்பிப் போகட்டும் என்றேன். மாமா சிரித்தார். "அப்ப நீயும் கட்சி மாறிட்டாய்" என்றார். மாமியும் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, என்ன செய்ய.

பிறகு அவர் சிரிக்காமல் கேட்டார்: "நான் எழும்பினா நீ என்னகா செய்வாய்?"

நான் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். பதிலை உங்களிடம் சொல்கிறேன், அப்பா. அவர் எழும்பினால் நானும் எழும்புவேன். என் அப்பா கொடுத்த சொல் பொய்த்துவிட்டது, அதைக் கேட்டு எங்கள் வாசலுக்கு வந்தவர்கள் கேட்டது சரி என்று ஊர்முன் சொல்வேன். பாக்கியம் அக்கா அங்கே நிற்பார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்வேன், அவர் மகன் வந்தது எனக்குச் சந்தோஷம் என்பதையும் சேர்த்து. குரல் பாதியில் நின்றாலும் நிற்கும். ஆனால் உங்கள் சொல்லை மேடையில் மாமாவை மட்டும் பேசவிடமாட்டேன். அவர் எங்கள் ஆள் இல்லை என்று மட்டும் என்னைச் சொல்லச் சொல்லாதீர்கள்.

உங்கள் மகள்,
அவருக்கு இன்னும் மருமகள்.