இரண்டு பேர் உட்காரும் கார்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் முதுகுவலி குறைந்ததா? நாங்கள் நலம். விட்பியில் ஓயாத மழை.

அப்பா பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்கியிருக்கிறார். மழை விட்டால் போதும், கூரையைத் திறந்து, ஹீட்டரைப் போட்டுக்கொண்டு என்னைப் பள்ளியில் விடுகிறார். பக்கத்து வீட்டு ஹெவிட், "என்னய்யா கிளைவ், தலையிலதான் ஒண்ணும் இல்லேன்னா, காருக்கு மேலயும் ஒண்ணும் இல்லையா?" என்றார். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். நீங்கள் லீட்ஸிலேயே தங்கிவிட்ட பிறகு அவர் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

இதே மாதிரி கார் எதிரே வந்தால் ஓட்டுபவர்கள் கையசைப்பார்கள். நானும் அசைப்பேன். இந்த ஊரில் எனக்குக் கையசைப்பவர்கள் அவர்கள் மட்டும்தான்.

காது மூடும் என் கம்பளித் தொப்பியை அனுப்புங்கள்.

அம்மா, இதில் இரண்டே இருக்கைகள். "அம்மா வந்தா எங்க உட்காருவாங்க?" என்று கேட்டேன். "அப்போ பாத்துக்கலாம்மா" என்று சொல்லி ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டார். நீங்கள் வரவே மாட்டீர்கள் என்று முடிவு செய்துவிட்டாரோ என்று பயமாக இருக்கிறது.

அவருக்குத் தெரியாமல் காருக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். பூட்டினால் திருடன் துணிக்கூரையைக் கிழித்துவிடுவான் என்று அவர் இதைப் பூட்டுவதில்லை. மாடியில் விளக்கு போட்டுவிட்டார், முடிக்கிறேன். நீங்கள் வாருங்கள் அம்மா. என் இருக்கையில் உட்காருங்கள். நான் பஸ்ஸில் வந்துவிடுகிறேன்.

அவசரமாக,
பிரயோனி