சென்னீர்குப்பம் ஃப்ளாட்டைக் காலி செய்த விவரம்

பூந்தமல்லி
திங்கட்கிழமை காலை

அன்புள்ள நிர்மலுக்கு அம்மா எழுதிக்கொள்வது.

நீயும் ரேஷ்மாவும் குழந்தை பவ்யாவும் மெல்பர்னில் நல்லபடியாக இருப்பீர்கள், இருக்கவும் வேண்டும். இங்கே நாங்கள் எப்படி இருக்கிறோம் என்று போனில் நீ கேட்பாய், நான் வாயைத் திறப்பதற்குள் எல்லாம் ஓகேதானேம்மா என்று பதிலையும் நீயே சொல்லிவிடுவாய், அதனால் இதுவரை நீ கேட்ட நலமெல்லாம் நீயே சொல்லிக்கொண்டதுதான். இப்போது நான் சொல்கிறேன். நாங்கள் நலம், போன வியாழக்கிழமையிலிருந்து நலம். மேலே பூந்தமல்லி என்று போட்டிருப்பதைப் பார்த்து அம்மாவுக்கு வயசாகிவிட்டது, ஊர் பெயரை மாற்றி எழுதிவிட்டாள் என்று நினைக்காதே. சென்னீர்குப்பத்தில் நீ வாங்கிக் கொடுத்த ஃப்ளாட்டைக் காலி செய்துவிட்டோம். சாவி அங்கே செக்யூரிட்டி ரூமில் இருக்கிறது. வாடகைக்கு விடு, பூட்டி வை, உன் சொத்து, உன் இஷ்டம்.

ஏன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று உனக்குச் சுருக்கென்று கோபம் வரும். வரட்டும். எனக்கு இரண்டு மாதமாக இருக்கும் கோபத்துக்கு அது காணாது. அம்பத்தூரில் நாம் குடியிருந்த வீட்டை ஓனர் இடித்துக் கட்டப் போகிறார் என்று சொன்னதும், அதே சமயத்தில் உன் அப்பாவுக்குக் கண்ணில் கிளாக்கோமா என்று தெரிந்ததும் உனக்கு நினைவிருக்கும். பக்கவாட்டுப் பார்வை போய்விட்டது, நேரே பார்ப்பது மட்டும் கொஞ்ச காலத்துக்கு இருக்கும், போனது திரும்பாது, இருப்பதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்றார் டாக்டரம்மா. அதோடு இன்னொன்றும் சொன்னார். இனி எந்தத் தெருவில் இருக்கப் போகிறீர்களோ அங்கே இப்போதே போய்விடுங்கள், பார்வை மிச்சம் இருக்கும்போதே இவர் நடந்து நடந்து வழியைப் பழகிக்கொள்ளட்டும், பிறகு கண் கைவிட்டாலும் கால் கூட்டிக்கொண்டு போகும் என்றார். இதை அப்படியே உனக்குப் போனில் சொன்னேன். நான் பார்த்துக்கிறேன்மா என்றாய். நீயும் பார்த்தாய், வானத்திலிருந்து எடுத்த ஒரு வீடியோவைப் பார்த்தாய். அதில் நீச்சல் குளம் நீலமாகத் தெரிந்தது, புல்தரை தெரிந்தது, ஹைவே பக்கத்திலேயே இருக்கிறது என்று ஒரு அம்புக்குறி போட்டுக் காட்டினார்கள். எங்களைக் காரில் கூட்டிப்போய்க் காரிலேயே கொண்டுவந்து விட்டான் ஃப்ளாட் விற்ற கம்பெனிக்காரன். அன்றைக்கு அந்த ரோட்டில் எங்கள் கால் படவே இல்லை, எனக்கும் அது அப்போது உறைக்கவில்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் சுவிட்ச் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் மேஜையில் உட்கார்ந்து வாழ்க்கையைக் கழித்தவள் நான். பார்வைக்குப் பளபளவென்று இருக்கும் பீஸைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும் என்று புதிதாக வரும் பெண்களுக்குச் சொல்வேன். ஃப்ளாட்டுக்குக் குடி போய் ஒரு வாரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. கேட்டைத் தாண்டினால் ஒரு ஆள் நடக்க இடமில்லை. சர்வீஸ் ரோடு என்று ஒன்று இருக்கிறது, அதில் லாரி நிற்கும், எதிர்த் திசையில் பைக் வரும், மழை பெய்தால் எது பள்ளம் எது ரோடு என்று தெரியாது. எதிர்ப்பக்கம்தான் டீக்கடை, மருந்துக்கடை, பஸ் நிற்கும் இடம் எல்லாம். கொத்தமல்லி ஒரு கட்டு வாங்க பெங்களூர் ரோட்டைக் கடக்க வேண்டும். உன்னிடம் சொன்னால் ஆப்பில் போடும்மா, பத்து நிமிஷத்தில் வரும் என்றாய். அப்பா நடக்க வேண்டுமே என்றால் உள்ளேயே வாக்கிங் டிராக் இருக்கிறதே என்றாய். இருக்கிறது. மூன்று கட்டடத்தைச் சுற்றி ஒரு சிமென்ட் பாதை, ஆவடி ஃபாக்டரியில் கிரேன் ஓட்டிய மனுஷன் அதில் செக்கு மாடு மாதிரி சுற்றிக்கொண்டிருந்தார். ஒருநாள் சாப்பிடும்போது, எங்கேயும் போகாமலே கால் வலிக்குது ராஜி என்றார்.

அப்புறம்தான் அந்த நாள் வந்தது. என்னிடம் சொல்லாமல் டீ குடிக்கக் கிளம்பிவிட்டார். வீட்டில் டீ இல்லையா என்று நீ கேட்டாய், ஞாபகம் இருக்கிறதா. மனுஷன் டீக்கா போனார், நாலு பேர் நடுவில் நின்று பேச்சுக் கேட்கப் போனார். பாதி ரோட்டைக் கடந்து நடுவில் இருக்கும் திட்டில் ஏறியவர் அங்கேயே நின்றுவிட்டார். எந்தப் பக்கமும் இறங்க முடியவில்லை, எல்லாப் பக்கமும் ஒரே சத்தமா இருந்தது என்றுதான் பிறகு சொன்னார். வெயிலில் எவ்வளவு நேரம் நின்றாரோ தெரியாது, இளநீர் விற்கிறவர் ஒருவர் பார்த்துக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து விட்டார். சட்டையெல்லாம் நனைந்து, உதடு வெளுத்துப்போய் வந்தார். அவருக்குத் தலை துவட்டிவிட்ட கையோடு நான் அழுதேன், அவர் அழவில்லை.

அதற்கு மறுநாள் அசோசியேஷன்காரர்கள் உங்கள் ஓனர் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு செய்தி போட்டார்கள். வயதானவர்கள் துணையில்லாமல் கேட்டைத் தாண்டக் கூடாது, பாதுகாப்புக்காக என்று. எங்களுக்கு அந்தக் குரூப்பில் இடமில்லை, நாங்கள் ஓனர் இல்லையே. இரண்டு நாள் கழித்து உன் அப்பா கேட்டுக்குப் போனார், ரோட்டைக் கடக்கக்கூட இல்லை, ஓரமாகக் கொஞ்சம் நிற்கலாம் என்றுதான். அந்தக் கேட்டில் நிற்கும் பையன் வழியை மறித்து, தனியா உட முடியாது பெரீவரே, குரூப்புல போட்டுகீறாங்க, உம் புள்ளையே கட்டவெரலு போட்டு ஓகே சொல்லிகீறாரு என்றானாம். நான் பால்கனியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் திரும்பினார், மேலே வந்தார், சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார், சுவரைப் பார்க்கப் படுத்துக்கொண்டார். கீழே போய் அந்தப் பையனைக் கேட்ட பிறகுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. பெற்ற அப்பனை உள்ளே வைத்துப் பூட்ட உனக்கு ஒரு விரல் போதுமாக இருந்திருக்கிறது நிர்மல். மீட்டிங்குக்கு நடுவில் போட்டிருப்பாய், என்ன எழுதியிருக்கிறது என்று முழுசாகப் படித்தாயோ இல்லையோ. படித்துவிட்டுப் போட்டாயா, படிக்காமல் போட்டாயா, இரண்டில் எது மோசம் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அந்தக் கோபத்தைக்கூட விழுங்கியிருப்பேன். போன மாதம் ரேஷ்மா போன் செய்தபோது வெகுளியாக ஒன்று சொன்னாள், அவளைத் திட்டாதே. நீங்கள் அங்கே வீடு வாங்குவதற்கு முன்னால் சனி ஞாயிறு எல்லாம் தெருத்தெருவாக நடந்து பார்த்தீர்களாம். பவ்யா ஸ்கூலுக்கு நடந்து போகலாமா, சாயங்காலம் ரேஷ்மா ரயில் இறங்கித் தனியாக வந்தால் விளக்கு இருக்கிறதா, ரோட்டைக் கடக்க இடமிருக்கிறதா என்று. அங்கே ஒவ்வொரு தெருவுக்கும் நடக்க எத்தனை மார்க் என்று போட்டு வைத்திருப்பார்களாமே, அதையும் பார்த்தாயாம். கேட்டதும் எனக்குச் சந்தோஷம்தான், என் மருமகளும் பேத்தியும் நல்ல இடத்தில் இருக்கிறார்கள் என்று. போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. உனக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரியாமல் செய்தாய் என்று நினைத்து இத்தனை நாள் உன்னை மன்னித்துக்கொண்டிருந்தேன். உன் வீட்டுக்கு நடந்து பார்த்தாய், எங்கள் வீட்டுக்குப் படம் பார்த்தாய்.

மறுநாளே நான் வீடு தேடக் கிளம்பிவிட்டேன். எத்திராஜ் என்று ஒரு புரோக்கர், பாவம் அந்த மனுஷனை அலைய வைத்துவிட்டேன். வேப்பம்பட்டில் ஒரு வீடு காட்டினார், புது வீடு, காற்று நன்றாக வந்தது, ஆனால் இருட்டினால் தெருவில் ஒரு விளக்கு எரியவில்லை, கடைக்குப் போக ஷேர் ஆட்டோவுக்கு நிற்க வேண்டும். குமணன்சாவடியில் ஒன்று, கடை கண்ணி பஸ் எல்லாம் வாசலிலேயே, ஆனால் அந்த ரோடுச் சந்திப்பைக் கடக்க எனக்கே திக்கென்றது. ஒவ்வொரு இடத்திலும் வீட்டுக்குள் போவதற்கு முன் தெருவைப் பார்த்தேன், ஸ்கூல் விடும் நேரத்தில் ஒரு தரம், விளக்கு வைத்த பிறகு ஒரு தரம், மழை பெய்த மறுநாள் ஒரு தரம். இரண்டு கையையும் குழாய் மாதிரி குவித்துக் கண்ணில் வைத்துக்கொண்டு, அப்பாவுக்கு எப்படித் தெரியுமோ அப்படி நடந்து பார்த்தேன். பிள்ளைகள் பின்னாலேயே வந்து சிரித்தார்கள். எத்திராஜ் தலையில் அடித்துக்கொண்டு, இன்னாம்மா நீ ஊடு பாக்க வந்தியா ரோடு அளக்க வந்தியா, வாஸ்து கேக்குறவன பாத்துகீறேன், தண்ணி கேக்குறவன பாத்துகீறேன், தெருவுல எவ்ளோ குழி கீதுன்னு கேட்டவ நீ ஒருத்திதான் என்றார். அதற்குத்தான் உனக்குக் கமிஷன் என்றேன்.

இப்போது இருப்பது பூந்தமல்லியில் உள்தெரு. ஷவுகத் அலி என்பவர் வீடு, முன்பக்கம் அவருடைய மெத்தைக் கடை, பக்கவாட்டில் கீழ் வீடு எங்களுக்கு. பெரிய வண்டி நுழைய முடியாத தெரு, அதனால் வருகிற வண்டியெல்லாம் மெதுவாகத்தான் வந்தாக வேண்டும். பாய் வீட்டில் குடியிருக்கிறார்களா என்று உன் மாமியார் வீட்டில் முகத்தைச் சுளித்தால் என்னிடம் பேசச் சொல், நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். குறை இல்லாத தெரு என்று சொல்லமாட்டேன். முனையில் இரண்டு நாய் இருக்கிறது, சிலர் ஸ்கூட்டரைக் கண்டபடி நிறுத்துகிறார்கள், சொல்லிச் சொல்லி நகர்த்த வைத்துக்கொண்டிருக்கிறேன். சாக்கடை மேல் ஒரு மூடிக்கல் உடைந்து ஆடிக்கொண்டிருந்தது. அட்வான்ஸ் அப்புறம், முதலில் அந்தக் கல்லை மாற்றுங்கள் என்று ஷவுகத் அலியிடம் சொன்னேன். எங்கத்தாவே அதுல தடுக்கி விழுந்திருக்காங்கம்மா, நானும் நாளைக்கு நாளைக்குன்னு விட்டுட்டேன் என்று தன் அப்பா விழுந்த கதையைச் சொல்லி மறுநாளே கொத்தனாரைக் கூட்டிவந்துவிட்டார்.

வந்த நாளிலிருந்து காலையும் மாலையும் உன் அப்பாவை நடக்க வைக்கிறேன். முதலில் கையைப் பிடித்துக்கொண்டு, அப்புறம் பிடிக்காமல் பக்கத்தில். மாவு மில் சத்தம் இடது பக்கம் கேட்டால் பாதி வழி வந்தாயிற்று என்று அவரே கண்டுபிடித்துவிட்டார். பேக்கரி வாசனை வந்தால் திரும்ப வேண்டும். டீக்கடையில் அவருக்கு ஒரு பெஞ்சு அமைந்துவிட்டது, நேற்று யாருடனோ தக்காளி விலையைப் பற்றிச் சண்டை போட்டுவிட்டு வந்தார், எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது. ஷவுகத் அலியின் சம்சாரம் ராபியா, வழி தெரியலேன்னா கடைப் பேரைச் சொல்லுங்கண்ணே, யாராச்சும் கொண்டாந்து விட்டுருவாங்க என்றாள். இந்தத் தெருவில் நானா தொலைஞ்சு போவேன் என்று சிரித்தார். அவர் சிரித்து எத்தனை காலம் ஆயிற்று என்று உனக்குத் தெரியாது, நீ போனில் பார்க்கும்போதெல்லாம் உனக்காக அவர் சிரித்தது வேறு.

நீ டிசம்பரில் வரும்போது இங்கேதான் வர வேண்டும். ஃப்ளாட்டில் ஏசி இருக்கிறது, அங்கே தங்கிக்கொண்டு எங்களைப் பார்க்க வருகிறேன் என்று சொன்னால் வரவே வேண்டாம். ரேஷ்மா உடம்பைப் பார்த்துக்கொள்ளட்டும், பவ்யாவுக்குத் தமிழில் இரண்டு வரி எழுதச் சொல்லிக் கொடு. முக்கியமாக ஒன்று, இந்தக் கண் நோய் அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வரக்கூடியது என்று டாக்டரம்மா சொன்னார். உனக்கு நாற்பது தாண்டிவிட்டது, இந்த வாரமே போய்க் கண் அழுத்தத்தைப் பார்த்துக்கொள், தள்ளிப்போடாதே. நீ எனக்கு என்ன செய்திருந்தாலும் அந்தக் கஷ்டம் உனக்கு வரக் கூடாது என்றுதான் தினமும் விளக்கேற்றிக் கும்பிடுகிறேன். மூன்று பேரும் நீண்ட ஆயுளோடு, நல்ல கண்ணோடு இருங்கள்.

இதையெல்லாம் போனில் சொல்லாமல் ஏன் கடிதமாக எழுதினேன் என்று யோசிப்பாய். போனில் பேசினால் உன் அப்பாவுக்கு வேலை இல்லை. கடிதம் என்றால் தபால் ஆபீசுக்குப் போக வேண்டும், கவுண்டரில் எடை போட்டு வெளிநாட்டு ஸ்டாம்ப் வாங்கி ஒட்ட வேண்டும். அவர்தான் போகிறார், தனியாக. பின்னாலேயே வரக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார், நானும் வாசற்படியைத் தாண்டமாட்டேன் என்று கொடுத்துவிட்டேன். இந்தக் கடிதம் உன் கையில் இருக்கிறது என்றால் அவர் போய்விட்டு வந்துவிட்டார்.

இப்படிக்கு,
வாசலில் காத்திருக்கும் உன் அம்மா,
ராஜகுமாரி தங்கராஜ்